வயித்துப் புள்ளைக்கு அம்மா மட்டும்தான் பொறுப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை குடும்பப் பக்கத்துல, கர்ப்பிணியோட கவலை குழந்தையோட ஜீனையே மாத்திடும்னு பெரிய எழுத்துல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் எடுத்து ரிட்டையர் ஆனவ, மரபியல் பாடம்னா எனக்கு உயிரு, அதனால ஆசையாத்தான் படிக்க உக்காந்தேன். முழுக்கப் படிச்சதும் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. கர்ப்பிணி கோபப்படக் கூடாது, அழக் கூடாது, டிவி சீரியல் பார்க்கக் கூடாது, இன்னது சாப்பிடணும், இன்னது நினைக்கணும், இல்லேன்னா புள்ளையோட ஜீன்லயே கோளாறு விழுந்து பேரப்புள்ளை வரைக்கும் போகும்னு வரிசையா மிரட்டல். அப்பாவைப் பத்தி ஒரு வரி கிடையாது. அந்தப் பொண்ணுக்கு சாப்பாடு போடுற வீட்டைப் பத்தியும் கிடையாது. கடைசியில பணம் கட்டி சேர்ற ஏதோ கர்ப்ப சன்ஸ்கார வகுப்பை, அதாவது வயித்துல இருக்கிற புள்ளைக்கே நல்ல குணம் சொல்லித் தர்றோம்ங்கிற வகுப்பைப் பத்தி ஒரு பாராட்டு, அதுக்கு ஆதாரம் எபிஜெனெடிக்ஸாம், ஜீன் எப்ப எவ்வளவு வேலை செய்யணும்னு அதுமேல விழுற குறிகளைப் பத்தின படிப்பு அது.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, அஞ்சு மாசம், அந்தப் பேப்பரை மடிச்சு எடுத்துக்கிட்டு சாயந்தரமா வந்துச்சு. டீச்சர், மூணு மாசம் வரைக்கும் எனக்கு ஒரே வாந்தி, ரசம் சாதம் கூட உள்ள நிக்கல, மாமியாரோட சண்டை வேற, நிறைய அழுதிருக்கேன், புள்ளையோட ஜீன் கெட்டுப் போயிருக்குமான்னு கேட்டுச்சு. கேக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. அதனாலதான் சார் இவ்வளவு நீளமா எழுதுறேன், வெட்டாம போடுவீங்கன்னு நம்புறேன்.

முதல்ல அந்தத் தலைப்பே தப்பு. அம்மா கவலைப்படுறதாலயோ சாப்பிடுறதாலயோ ஜீனோட எழுத்து மாறாது. அப்பாகிட்டேர்ந்து பாதி, அம்மாகிட்டேர்ந்து பாதின்னு வந்த டிஎன்ஏ வரிசை அப்படியேதான் இருக்கும். மாறக்கூடியது, எந்த ஜீன் எந்த செல்லுல எவ்வளவு வேலை செய்யணும்ங்கிறதுதான். இதை பசங்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன்: பாடப்புத்தகம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா டீச்சர் வந்து இந்தப் பாரா போர்ஷன்ல இல்லடான்னதும் பென்சில்ல ஒரு கோடு போட்டு அதைத் தாண்டிப் போவீங்க இல்ல, புத்தகத்துல அச்சடிச்சது மாறல, படிக்கிறது மட்டும் மாறிடுச்சு. டிஎன்ஏ மேல ஒட்டுற மெத்தில் குரூப்ங்கிற சின்ன மூலக்கூறு பெரும்பாலும் செய்யுற வேலை அதுதான், ஜீனோட ஆரம்பப் பகுதியில போய் நெறைய ஒட்டிக்கிச்சுன்னா அந்த ஜீன் அடங்கிடும். டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதத்துலயும் இது மாதிரி குறிகள் உண்டு. கண்ணுல இருக்கிற செல்லும் கல்லீரல்ல இருக்கிற செல்லும் ஒரே டிஎன்ஏவை வச்சுக்கிட்டு வேற வேறயா இருக்கிறதுக்கு இந்தக் குறிகள்தான் பெரிய காரணம். ஒரே ஒரு செல்லுலேர்ந்து முழுப் புள்ளை உருவாகுற வித்தையே இதுதான், இதைப் போய் பயமுறுத்துற சமாச்சாரமா ஆக்கிட்டீங்களேங்கிறதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது நேரம். கட்டுரை படிச்சா ஏழாம் மாசம் வளைகாப்புக்கு அப்புறம் அம்மா என்ன நினைக்கிறாங்கிறதுதான் முக்கியம்னு தோணும். நம்ம ஊர்ல பிரகலாதன் கதையும் அபிமன்யு கதையும் கேட்டு வளர்ந்ததால அது மனசுக்கு ஒட்டவும் செய்யும், குழந்தைக்கு வயித்துக்குள்ள காது கேக்கும்ங்கிறதும் உண்மைதான், அம்மா பேசுறதும் பாடுறதும் நல்லதுதான். ஆனா எபிஜெனெடிக் குறிகள்ல பெரிய அழிச்சு எழுதுற வேலை நடக்கிறது கரு உண்டான முதல் சில நாள்ல. விந்தணுவோட வந்த குறிகள்ல பெரும்பாலானது சில மணி நேரத்துலயே அழிய ஆரம்பிக்குது, முட்டையோட வந்தது கொஞ்சம் கொஞ்சமா அழியுது, அப்புறம் கரு கர்ப்பப்பையில ஒட்டிக்கிற சமயத்துல, அதாவது ஒரு வாரம் ஆகும்போது, புதுசா குறி போடுற வேலை மும்முரமா ஆரம்பிக்குது. அப்ப அந்தப் பொண்ணுக்கு நாள் கூட தள்ளிப் போயிருக்காது. தான் உண்டாயிருக்கோம்னே தெரியாத ஒருத்தியை, நீ சரியா நடந்துக்கலன்னு எந்த நியாயத்துல சொல்றது?

இப்படி அழியுறப்ப அழியாம தப்பிக்கிற சில குறிகள் இருக்கு, அங்கதான் அப்பா வர்றார். 1984-ல கேம்பிரிட்ஜ்ல அசிம் சுரானி, கென்யாவுல பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், எலி முட்டைகளை வச்சு ஒரு சோதனை பண்ணினார். ஒரு கருவுக்கு வேண்டிய ரெண்டு பங்கு டிஎன்ஏவும் அம்மா பக்கத்துலேர்ந்தே வர்ற மாதிரி வச்சா, கரு ஓரளவுக்கு வளருது, ஆனா நஞ்சுக்கொடி பகுதி நோஞ்சானா போயிடுது, கடைசியில பிழைக்கல. ரெண்டு பங்கும் அப்பா பக்கத்துலேர்ந்தே வச்சா நஞ்சுப் பகுதி நல்லா வளருது, கரு வளரல. எண்ணிக்கை சரியா இருந்தும் பிழைக்கலன்னா, அம்மாகிட்டேர்ந்து வந்த காப்பிக்கும் அப்பாகிட்டேர்ந்து வந்த காப்பிக்கும் ஏதோ அடையாளம் இருக்குன்னுதானே அர்த்தம். அதே சமயத்துல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல டாவர் சோல்டரும் மெக்ராத்தும் இதையே கண்டுபிடிச்சாங்க, 2018-ல சுரானிக்கும் சோல்டருக்கும் கனடாவோட கெய்ர்ட்னர் விருது குடுத்தாங்க. எங்க பாடத்துல இந்த மனுஷன் பேரு ஒரு மூலையில கூட இருந்ததில்ல, நானாத்தான் கரும்பலகையில எழுதுவேன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஐஜிஎஃப்2ங்கிற ஜீன். வயித்துக்குள்ள புள்ளை வளர்றதுக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணியை இதுதான் செய்யச் சொல்லுது. அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி எல்லார்கிட்டயும் இருக்கு, ஆனா கருவுல பெரும்பாலும் அப்பா குடுத்த காப்பி மட்டும்தான் வேலை செய்யுது, அம்மா காப்பி அடங்கியே இருக்கும். காரணம் பக்கத்துல இருக்கிற ஒரு சின்னப் பகுதி. அப்பா காப்பியில அந்த இடத்துல மெத்தில் ஒட்டியிருக்கும், அம்மா காப்பியில ஒட்டியிருக்காது, ஒட்டாத இடத்துல ஒரு புரதம் வந்து உக்காந்து வழியை அடைச்சிடுது. 1991-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல எலியில இந்த ஜீனைக் கெடுத்துப் பார்த்தாங்க. கெட்டுப்போன காப்பி அப்பா வழியா வந்தா குட்டி சாதாரண எடையில 60 சதவீதம்தான் பிறக்குது. அதே கெட்ட காப்பி அம்மா வழியா வந்தா குட்டிக்கு ஒண்ணுமே ஆகல. அப்பா பக்கத்து ஜீன் புள்ளையை பெருசா வளர்க்கப் பார்க்குது, அம்மா பக்கத்துல சில ஜீன்கள் அதை அளவா வச்சுக்கப் பார்க்குது, அம்மா உடம்பும் தாங்கணும், அடுத்த பிரசவத்துக்கும் சத்து மிஞ்சணும் இல்லையா, இந்த ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற இழுபறியிலதான் புள்ளையோட எடை நிக்குதுன்னு பரிணாம உயிரியல் அறிஞர் டேவிட் ஹெய்க் விளக்கம் சொன்னார். அது எனக்கு ரொம்ப சரின்னு படுது.

மனுஷங்கள்ல இந்தக் குறி தப்பிப்போனா என்ன ஆகும்னும் டாக்டருங்களுக்குத் தெரியும். அம்மா காப்பியிலயும் மெத்தில் ஒட்டிக்கிச்சுன்னா ரெண்டு காப்பியும் வேலை செய்ய ஆரம்பிச்சு குழந்தை ரொம்பப் பெருசா, நாக்கு பெருசா, சில சமயம் தொப்புள் பக்கம் குடல் வெளிய வந்த மாதிரி பிறக்கும், பெக்வித் வீடமன் நோய்க்குறின்னு பேரு, ஏறக்குறைய 10,000 பிரசவத்துக்கு ஒண்ணு. இந்தக் குழந்தைகளுக்கு சிறுநீரகத்துல விலம்ஸ் கட்டிங்கிற புத்துநோய் வர வாய்ப்பு கூடுதல், அதனால சின்ன வயசுல சில மாசத்துக்கு ஒரு தடவை வயித்துக்கு ஸ்கேன் எடுக்கணும். நேர்மாறா அப்பா காப்பியில மெத்தில் இல்லாமப் போனா குழந்தை ரொம்பச் சின்னதாப் பிறந்து வளர்ச்சியும் மெதுவா இருக்கும், அது சில்வர் ரஸ்ஸல். இது ரெண்டுக்கும் அம்மா அழுததோ சீரியல் பார்த்ததோ காரணம் கிடையாது. இப்படி ஒரு குழந்தையைப் பெத்த அம்மா உங்க கட்டுரையைப் படிச்சிருந்தா என்ன பாடுபட்டிருப்பா, யோசிச்சுப் பாருங்க.

சரி, சாப்பாட்டுக்கு சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, அதை மறைக்க மாட்டேன். உங்க கட்டுரையில நெதர்லாந்து பஞ்சம்னு ஒரே வரியில சொல்லிட்டு, அம்மாக்கள் பட்டினி கிடந்ததால பேரப்புள்ளைங்க வரைக்கும் நோயாளின்னு தாண்டிட்டீங்க. நடந்தது இதுதான். ரெண்டாம் உலகப் போர்ல, 1944 செப்டம்பர்ல நேசநாட்டுப் படைக்கு உதவியா டச்சு ரயில்வேக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணினாங்க, பதிலுக்கு நாட்டைப் புடிச்சு வச்சிருந்த ஜெர்மன்காரன் மேற்குப் பகுதிக்கு உணவு போறதை நிறுத்தினான், அப்புறம் தடையைத் தளர்த்தினப்ப குளிர்ல கால்வாய் உறைஞ்சு படகும் போகல. நவம்பர் கடைசியில ஒரு ஆளுக்கு ரேஷன் 1,000 கலோரிக்குக் கீழ வந்துச்சு, டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் 400லேர்ந்து 800. சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்கும் துலிப் பூவோட கிழங்கும் அவிச்சுத் தின்னாங்க, ஏறக்குறைய 20,000 பேர் செத்தாங்க. 1945 மே மாசம் விடுதலை கிடைச்சதும் சாப்பாடு பழையபடி வந்துடுச்சு. அந்தப் பஞ்சத்துலயும் ஆம்ஸ்டர்டாம் வில்ஹெல்மினா ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்தவங்க ஒவ்வொரு குழந்தையோட எடை, தலைச் சுத்தளவு, நஞ்சுக்கொடியோட எடைன்னு விடாம எழுதி வச்சிருக்காங்க, அந்த நோட்டுகள் இருந்ததாலதான் பல வருஷம் கழிச்சு 2,414 பேரைத் தேடி ஆராய முடிஞ்சுது. என் தங்கச்சி கிராம சுகாதார நர்ஸா இருந்தவ, எடை மிஷின்ல குழந்தையைத் துணியோட போட்டு அப்புறம் துணி எடையைத் தனியா கழிச்சு எழுதுவா, அம்பது கிராம்தானேன்னு யாராவது சொன்னா கோபம் வந்துடும் அவளுக்கு. அந்த டச்சு நர்ஸுங்களைப் பத்திப் படிச்சப்ப அவ ஞாபகம்தான்.

அந்த ஆராய்ச்சியில வந்த முடிவு சாதாரணமா நாம நினைக்கிறதுக்கு மாறா இருக்கு. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல பஞ்சத்துல மாட்டினவங்களுக்கு குழந்தை எடை கொறைஞ்சு பிறந்துச்சு. ஆனா ஆரம்ப மாசங்கள்ல மாட்டி அப்புறம் நல்லா சாப்பிட்டவங்களுக்கு எடை சரியாவே இருந்துச்சு, ஆனா அந்தக் குழந்தைகள் பெரியவங்களானப்ப இதய நோயும் ரத்தக் கொழுப்பும் கூடுதலா இருந்துச்சு. பிறக்கும்போது எடையை மட்டும் பார்த்து எல்லாம் சரின்னு சொல்லிட முடியாதுன்னு இதுலேர்ந்து தெரியுது. 2008-ல ஹேய்ஜ்மன்ஸ், லூமேயோட குழு அப்படி கரு உண்டாகுற சமயத்துல பஞ்சத்துல இருந்த 60 பேரோட ரத்தத்தை அவங்கவங்க கூடப்பிறந்தவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, நான் மேல சொன்ன அதே ஐஜிஎஃப்2 ஜீன் பக்கத்துல மெத்தில் கொஞ்சம் கொறைவா இருந்துச்சு, அறுபது வருஷம் கழிச்சும். எவ்வளவு கொறைவு தெரியுமா, சராசரியா 5 சதவீதம் போல. கர்ப்பத்தோட கடைசியில மாட்டினவங்ககிட்ட அந்த வித்தியாசமே தெரியல. நாட்டோட ஒரு பகுதியே பட்டினி கிடந்ததுக்கு இந்த அளவு மாத்தம்னா, மாமியாரோட நடந்த ஒரு சண்டைக்கு ஜீன் கெட்டுடும்னு எழுதலாமா?

அதே போர்ல ஜெர்மன் படை சுத்தி வளைச்ச ரஷ்யாவோட லெனின்கிராடு நகரத்துல, அந்த முற்றுகையில மாட்டின அம்மாக்களோட புள்ளைங்களை ஆராய்ஞ்சு 1997-ல ஒரு கட்டுரை வந்துச்சு, அங்க பெரியவங்களானப்ப சர்க்கரைப் பிரச்சனை மத்தவங்களை விடக் கூடுதலா வரல. அங்க பட்டினி நீண்ட நாள் இருந்துச்சு, அப்புறமும் சாப்பாடு கொட்டிக் கிடக்கல. வயித்துக்குள்ள இல்லாமையைப் பார்த்த உடம்பு வெளிய வந்து திடீர்னு ஏராளத்தைப் பார்த்தாத்தான் சிக்கல் பெருசாகுதுங்கிறது அறிஞர்களோட விளக்கம்.

ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுல கெனபாங்கிற கிராமப் பக்கத்துல நடந்த ஆராய்ச்சி இன்னும் நெருக்கமா நம்மைத் தொடும், ஏன்னா அங்க வெள்ளாமையை நம்பித்தான் வயிறு. மழைக்காலத்துல பழைய தானியம் தீர்ந்து போய் புதுசு வராம பசியும் வயல் வேலையும் ஒண்ணா வரும், அறுப்புக்கு அப்புறம் கொஞ்சம் நிம்மதி. எந்தப் பருவத்துல கரு உண்டாச்சோ அதைப் பொறுத்து குழந்தைகளோட டிஎன்ஏல சில இடங்கள்ல மெத்தில் அளவு வேறுபடுதுன்னு கண்டுபிடிச்சாங்க, 2014-ல வந்த ஆய்வுல அம்மாக்களோட ரத்தத்துல இருந்த சத்துகளோட அதைப் பொருத்திப் பார்த்தாங்க. பசிக்காலமான மழைக்காலத்துல உண்டான குழந்தைகள்கிட்டதான் அந்த இடங்கள்ல மெத்தில் அதிகம், அந்த நாள்ல கீரை நிறைய கிடைக்கும்ங்கிறதும் ஒரு காரணம். அரிசியோ கம்போ எத்தனை படி சாப்பிட்டாங்கிறதை விட போலேட் (கீரையில இருக்கிற ஒரு பி வைட்டமின், மாத்திரையில வர்றப்ப போலிக் ஆசிட்), பி12, பி2, கோலின் மாதிரி சத்துகள்தான் மெத்தில் குரூப்பை செஞ்சு குடுக்கிற கச்சாப்பொருள். 2003-ல அமெரிக்காவுல வாட்டர்லேண்டும் ஜிர்ட்லும் இதை எலியில நேராவே காட்டினாங்க, ஒரே ஜீன் இருக்கிற எலிங்கள்ல அம்மாவுக்கு இந்த சத்துகளைக் கூட்டிக் குடுத்தப்ப மஞ்சளா குண்டா பிறக்க வேண்டிய குட்டிங்கள்ல நிறைய பழுப்பு நிறத்துல ஒல்லியா பிறந்துச்சு.

நம்ம நாட்டுல புனே பக்கத்துல ஆறு கிராமத்துல டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993-லேர்ந்து நடத்துற ஆராய்ச்சியை உங்க கட்டுரை கண்டுக்கவே இல்ல. அங்க பிறந்த குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்து சவுத்தாம்டன்ல 3.5 கிலோ. எல்லாமே சமமா கொறைஞ்சிருக்கும்னுதானே நினைப்போம், ஆனா தசையும் வயித்து உறுப்புகளும் நிறைய கொறைஞ்சிருக்கு, தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு அந்த அளவுக்குக் கொறையல. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு, இங்க சர்க்கரை நோய் சின்ன வயசுலயே வர்றதுக்கு இது ஒரு வேர்ன்னு அவர் சொல்றார். பால், பழம், கீரை சாப்பிட்ட அம்மாக்களோட குழந்தைங்க கொஞ்சம் பெருசா பிறந்திருக்காங்க. இன்னொண்ணு, போலேட் அதிகமா இருந்து பி12 கொறைவா இருந்த அம்மாக்களோட புள்ளைங்களுக்குத்தான் ஆறு வயசுல இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாத நிலை, அதிகம்னு 2008-ல வெளியிட்டாங்க. பி12 இயற்கையா பால், முட்டை, மீன், கறியிலதான் இருக்கு, சைவ வீட்டுல பாலும் வாங்க முடியலன்னா அந்தப் பொண்ணு எங்க போவா?

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அந்த முதல் சில வாரம்தான் முக்கியம்னா, சத்து இருக்க வேண்டியது கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே. குழந்தையோட மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள்ள மூடிடுது. இதுல மெத்தில் மட்டும் இல்ல, டிஎன்ஏவைப் புதுசு புதுசா பிரதி எடுக்கிற வேலைக்கே போலேட் வேணும். ஏற்கனவே இந்தக் குழாய் சரியா மூடாத ஒரு குழந்தையைப் பெத்த அம்மாக்களுக்கு கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே போலிக் ஆசிட் குடுத்தா மறுபடியும் வர்றது 72 சதவீதம் கொறையுதுன்னு 1991-லயே பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிரூபிச்சாச்சு. அமெரிக்காவுல 1998-லேர்ந்து மாவுல சேர்க்கிறதைக் கட்டாயமாக்கிட்டாங்க. நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னா, நாள் தள்ளிப்போய், வீட்டுல சொல்லி, நல்ல நாள் பார்த்து, சுகாதார நிலையத்துக்கு வந்து பதிவு பண்றதுக்குள்ள ரெண்டு மாசம் மூணு மாசம் ஓடிடுதுன்னு என் தங்கச்சி சொல்லுவா. அதுக்கப்புறம் குடுக்கிற மாத்திரையும் வேணும்தான், ரத்தசோகைக்கு அது கண்டிப்பா வேணும், ஆனா நரம்புக் குழாய் மூடி முடிஞ்சிருக்கும்.

பள்ளிக்கூடத்துல வாரத்துல ஒரு நாள் பொண்ணுங்களுக்கு நீலக்கலர் மாத்திரை குடுப்போம், இரும்புச்சத்தும் போலிக் ஆசிட்டும். எந்தப் பொண்ணும் ஒழுங்கா முழுங்காது. வாயில போட்டுட்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, நாக்கைக் காட்டுன்னா காட்டும், அப்புறம் பார்த்தா ஜன்னலுக்கு வெளிய செம்பருத்திச் செடிக்கு அடியில நீலமா கிடக்கும். வயித்தைப் பிரட்டுது மிஸ், கருப்பா போகுது மிஸ்னு சொல்லும். திட்டிப் பிரயோஜனம் இல்ல சார், காலையில ஒண்ணும் சாப்பிடாம ஏழரை மணி பஸ்ஸைப் புடிச்சு வர்ற பொண்ணுங்க அதுங்க, வெறும் வயித்துல இரும்பு மாத்திரை போட்டா யாருக்கும் பிரட்டும். மதியம் சத்துணவு முட்டை சாப்பிட்டதுக்கு அப்புறம் நேரத்தை மாத்தி குடுத்தோம், செடிக்கு அடியில கிடக்கிறது பெரும்பாலும் நின்னு போச்சு. 2022-ல வந்த காலை உணவுத் திட்டம் ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும்னு தொடங்குனது, ரொம்ப நல்ல திட்டம், ஆனா கணக்குப் பார்த்தா இன்னும் சில வருஷத்துல அம்மாவாகப் போற பொண்ணுங்க உக்காந்திருக்கிறது ஒம்போதாவதுலேர்ந்து பன்னெண்டாவதுல. நாட்டுல அந்த வயசுலேர்ந்து ஆரம்பிச்சு பாதிக்கு மேல பெண்களுக்கு ரத்தசோகை. இதைப் பத்தி உங்க குடும்பப் பக்கம் எப்பவாவது எழுதியிருக்கா?

பேரப்புள்ளை வரைக்கும் போகும்னு எழுதினதையும் சொல்லணும். ஒரு பொண்ணுக் குழந்தை அம்மா வயித்துல அஞ்சு மாசம் இருக்கும்போதே அதோட முட்டை செல்கள் எல்லாம் உண்டாயிடுது, அப்படிப் பார்த்தா நாம ஒவ்வொருத்தரும் உருவான முட்டை நம்ம பாட்டி வயித்துலதான் முதல்ல இருந்துச்சு, இது நிஜம், நினைச்சாலே சிலிர்க்குது. ஆனா முட்டையும் விந்தும் உருவாகுற வழியில பழைய குறிகள் பெரும்பாலும் அழிஞ்சு போயிடுது, கரு உண்டானதும் இன்னொரு தடவை அழியுது, அதனால மனுஷங்கள்ல தலைமுறை தாண்டி இது போகுதுன்னு நிரூபணம் ஆன மாதிரி எழுதுறது தப்பு. 2014-ல நேச்சர் இதழ்ல சாரா ரிச்சர்ட்சனும் இன்னும் சில அறிஞர்களும் சேர்ந்து, இந்த ஆராய்ச்சிகளை வச்சு அம்மாக்களைக் குத்தம் சொல்லாதீங்கன்னு பத்திரிகைகளுக்கும் சேர்த்து கோரிக்கையே வச்சிருக்காங்க. அப்பாவோட பங்கு, குடும்பத்தோட வருமானம், ஊரோட சூழல் இதெல்லாம் செய்திகள்ல காணாமப் போயிடுதுங்கிறது அவங்க வருத்தம். புகையை எடுத்துக்குங்க, புகை பிடிக்கிற அம்மாக்களோட குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்துலயே மெத்தில் மாறியிருக்கிறதை 13 ஆய்வுக் குழுக்கள்லேர்ந்து 6,685 பேரை வச்சு 2016-ல காட்டினாங்க. நம்ம ஊர்ல பெண்கள் பிடிக்கிறது ரொம்பக் கம்மி, வீட்டுக்குள்ள பிடிக்கிறது ஆம்பளைங்க, அந்தப் புகையை சுவாசிச்சாலும் குழந்தை எடை கொறையும், விறகடுப்புப் புகைக்கும் அப்படித்தான். அதை நிறுத்துன்னு அப்பாக்களுக்கு ஒரு கட்டுரை போடலாமே.

அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னதையும் எழுதிடுறேன், உங்க வாசகிகள்ல இன்னும் பல பேர் அதே பயத்தோட இருப்பாங்க. முதல் மூணு மாசத்துல கரு ரொம்பச் சின்னது, அது எடுத்துக்கிற கலோரியும் கொஞ்சம்தான், சாதாரண மசக்கை வாந்தியால புள்ளை கெட்டுப் போகாது, சொல்லப் போனா வாந்தி இருக்கிற கர்ப்பத்துல கருச்சிதைவு கம்மின்னுதான் ஆய்வுகள் காட்டுது. தண்ணி கூட நிக்கல, எடை இறங்குது, சிறுநீர் கொறையுதுன்னா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். அழுததுக்கு ஜீன் கெடாது. ஆனா நீ அழாம இருக்கிற மாதிரி வீட்டுல இருக்கிறவங்க நடந்துக்கணும், அது அவங்க வேலைன்னு சொல்லி, மாமியார்கிட்டயும் நானே போய்ப் பேசிட்டு வந்தேன்.

அதனால ஆசிரியர் அவர்களே, அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம் அதே குடும்பப் பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடணும்னு கேட்டுக்கிறேன். கூடவே, குழந்தைக்குத் திட்டமிடுற தம்பதிங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே டாக்டரைப் பார்க்கணும், அந்தப் பொண்ணு ஒரு மாசம் முன்னாடிலேர்ந்தாவது தினம் 400 மைக்ரோகிராம் போலிக் ஆசிட் எடுக்கணும், ஏற்கனவே நரம்புக் குழாய் கோளாறோட குழந்தை பிறந்திருந்தா டாக்டர் அதைவிட அதிகமா எழுதிக் குடுப்பார், சைவமா இருந்தா பி12 அளவையும் பார்த்துக்கணும்னு ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. காலை உணவை ஒம்போதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் நீட்டிக்கணும்னு ஒரு தலையங்கம் எழுதினீங்கன்னா பள்ளிக்கல்வித் துறை கண்டிப்பா கவனிக்கும். குடும்பப் பக்கம் எழுதுறவங்களுக்கு வேணும்னா என் பாடக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து தபால்ல அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.